ஒற்றாடலும் கோதைநாயகியாரும்

திருக்கேதீஸ்வரத்திற் சிவராத்திரி நோன்பு நோற்போர் பாலாவித் தீர்த்தத்தில் நீர் முகந்து வந்து, தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு நீராட்டி, எஞ்சிய இரவைக் கண்விழித்துக் கழிப்பது வழக்கம். அவ்வாறு ஓர் ஆண்டு மடமொன்றின் திண்ணையில் யான் அமர்ந்திருந்தபொழுது, உடன் வந்த மாணவர் ஒருவர் உறக்கத்தை வெல்லும்பொருட்டுச் சிறு நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதனைத் துண்டுக்குள் மறைத்தார்.

"ஏன் தம்பி மறைக்கிறீர்?" என்றேன்.

"இது ஒற்றர் கதை, சேர். இலக்கியம் அன்று. இதை எழுதியவர் ஒரு பெண் என்பதுதான் வியப்பு. தமிழில் இப்படி எழுதிய பெண்கள் இல்லையா?" என்றார்.

அவர் கூற்றில் ஒரு தீர்ப்பும் ஒரு வினாவும் அடங்கியிருந்தன. ஒற்றர் கதை இலக்கியம் அன்று என்பது தீர்ப்பு. தமிழ்ப் பெண்கள் அதனை எழுதினரா என்பது வினா. அவ்விரவில் யான் கூறிய விடை குறைவுடையது. பின்னர் ஆராய்ந்து தெளிந்தவற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

ஒற்று தமிழுக்குப் புதிதன்று

ஒற்றர் கதையை மேல்நாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோர் உளர். நாவல் என்னும் வடிவம் மேல்நாட்டிலிருந்து வந்ததே. அதனை மறுப்பார் இலர். ஆயின் ஒற்று என்னும் பொருள் நமக்குப் பழையது. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல் என்பதாகும். கண்டார் ஐயுறாத தோற்றமும், அஞ்சாமையும், அறிந்ததை எந்நிலையிலும் வெளிவிடாமையும் ஒற்றனுக்கு வேண்டும் என்பர் வள்ளுவர். துறவியர் கோலம் பூண்டு செல்லலாம் என்பர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதவாறு ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தவிடத்தே அதனைத் தெளியவேண்டும் என்றும் விதிப்பர். ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தல் ஆகாது என்று எச்சரித்து முடிப்பர். இற்றை நாள் ஒற்றர் நாவலின் இலக்கணம் பெரும்பாலும் இவ்வதிகாரத்துள் அடங்கிவிடும் எனலாம்.

கம்பராமாயணத்து யுத்தகாண்டத்தில் ஒற்றுக் கேள்விப் படலம் என ஒரு பகுதியே உண்டு. மன்னார்த் தீவின் மேற்கே கிடக்கும் இராமர் அணையைக் கடந்து வந்த சேனையை வேவு பார்க்க இராவணன் விடுத்த ஒற்றரைப் பற்றியது அது. ஆகவே நாம் நிற்கும் கரையை ஒட்டியே தமிழின் சிறந்ததோர் ஒற்றர் கதை நிகழ்ந்ததாகப் பாடப்பெற்றுள்ளது. துப்பு என்ற சொல்லும் நோக்கற்பாலது. பழைய நூல்களில் அது வலிமையைக் குறிக்கும். பிற்காலத்தில் மறைந்ததை அறிதற்குரிய அடையாளத்தைக் குறிக்கலாயிற்று. மறைந்ததை அறிதலும் ஒரு வலிமையே அன்றோ?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பழம்பொருள் துப்பறியும் நாவல் என்னும் புதுவடிவம் பெற்றது. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் இராஜாம்பாளை வெளியிட்டார். அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறியப்பட்டவன் ஆயினான். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லக் ஹோம்ஸை ஆனந்தசிங்காக மாற்றித் தமிழுடை உடுத்தினார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறிவாளரோ திகம்பர சாமியார். இங்கே துறவியே துப்பறிகின்றார். ஆங்கிலக் கதைகளைப் பெரிதும் தழுவி எழுதியவர் என்று வடுவூராரைக் குறை கூறுவோர், வள்ளுவர் கூறிய துறவிக்கோலம் அவர் நாவலுள் வந்து நிற்பதை மறந்துவிடுகின்றனர்.

கோதைநாயகியாரின் எழுத்துப் பணி

இவர்கள் அனைவரும் ஆடவர். இவ்வரிசையிற் புகுந்த பெண்மணி வை. மு. கோதைநாயகி அம்மாள். துப்பறியும் நாவல் எழுதிய முதல் தமிழ்ப் பெண் எனப் பெரும்பாலும் சுட்டப்படுபவர் இவரே. 1901ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் தேதி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். 1907இல், ஆறு வயதும் நிரம்பாத நிலையில், திருவல்லிக்கேணி வை. மு. பார்த்தசாரதி என்பாருக்கு மணஞ்செய்விக்கப்பட்டார். வை. மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் மரபும் இதுவே. தமிழ் மணக்கும் அம்மரபிற் புகுந்த மருமகளோ பள்ளி வாயிலை மிதித்தவர் அல்லர்.

அவருக்கு வாய்த்தது செவிச்செல்வம். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். கேட்டவற்றையும் கண்டவற்றையும் கதையாக்கிப் பிறருக்குச் சொல்லும் ஆற்றல் அவரிடம் வளர்ந்தது. எழுத்துப் பயிற்சி போதாமையால், தம் முதல் நாடகமாகிய இந்திர மோகனாவை வாயாற் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அது 1924இல் அச்சேறிற்று. அடுத்து எழுந்த வைதேகி என்னும் நாவல் வடுவூராரின் மனோரஞ்சினியில் வெளிவரத் தொடங்கிற்று. வடுவூராரே, நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழை ஏற்று நடத்துமாறு அவருக்கு யோசனை கூறினார். 1925இல் அம்மையார் அதன் ஆசிரியர் ஆனார். தமக்கென ஓர் அச்சகமும் பின்னர் அமைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விதழ் அவர் கையில் நடந்தது. 115 நாவல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. ஆண்டொன்றுக்கு மூன்றுக்குக் குறையாமல் எழுதினார் என்பது பெறப்படும்.

இவ்விதழ்கள் நம் கரைக்கு வந்த வழியையும் நினைத்தல் தகும். 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இராமேசுவரத் தீவுக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டித் தொடர்புடைய கப்பல் ஓடிற்று. சென்னைப் பத்திரிகைகள் அடங்கிய அஞ்சற் பைகள் அவ்வழியே வந்து, மன்னாரையும் மடு வீதியையும் கடந்து உள்நாட்டுக்குச் சென்றன. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட சென்னைக் கதைகள் இத்திருக்கேதீஸ்வரத் தலத்தின் அருகாகவே பயணஞ் செய்தவை எனலாம்.

அம்மையாரின் வாழ்வில் மற்றொரு திருப்பமும் 1925இல் நேர்ந்தது. காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டும் நகையும் துறந்து கதருடுத்தார். பின்னர் மறியலில் ஈடுபட்டு, 1930களின் தொடக்கத்திற் சிறை சென்றார். உத்தமசீலன் என்னும் நாவல் சிறையிலிருந்து எழுதப்பட்டது. அவர் கதைகள் சில திரைப்படங்களும் ஆயின. 1938இல் வெளிவந்த அனாதைப் பெண் அவற்றுள் ஒன்று. தயாநிதி என்னும் நாவலைத் தழுவிய சித்தி 1966இல், அவர் மறைவுக்குப் பின், வெளிவந்தது. 1956இல் மகனை இழந்த துயரம் அவரை வாட்டிற்று. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் தேதி தாம்பரத்துக் காசநோய் மருத்துவமனையில் மறைந்தார்.

துப்பறியும் கதையிலே தொடங்கியும் அம்மையார் பெயர் நிலைத்தது குடும்பக் கதைகளாலும் சீர்திருத்தக் கதைகளாலுமே. விதவையர் நிலை, பெண் கல்வி, மதுவிலக்கு என்பனவே அவர் பெயருடன் நினைக்கப்படுகின்றன. மர்மம் அவர் கதைகளிற் சுவையூட்டும் துணையாக நின்றதேயன்றி நடுப்பொருளாக நிலைபெறவில்லை. இஃது ஏன்? பெண்ணியல்பு மர்மத்துக்கு ஒவ்வாது என்று விடை கூறுவோர் உண்டு. அவ்விடை தவறென்பதை மேல்நாட்டுப் பெண்மணி ஒருவர் பணியோடு ஒப்பிட்டுக் காண்போம். திண்ணையில் அம்மாணவர் மறைத்த நூலும் அவருடையதே.

ஹெலன் மக்கின்னஸ்

ஹெலன் மக்கின்னஸ் 1907இல் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சும் ஜேர்மனும் கற்று 1928இற் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனில் நூலகக் கல்வி பயின்றார். 1932இல் கில்பர்ட் ஹைட் என்னும் செவ்வியல் அறிஞரை மணந்தார். கற்பிக்குங் கலை பற்றி ஹைட் 1950இல் எழுதிய நூலை நம் ஆசிரியர் பலர் அறிந்திருத்தல் கூடும். ஜேர்மன் நூல்களை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கிடைத்த ஊதியத்தைக் கொண்டு கோடையில் ஐரோப்பாவைச் சுற்றினர். மணமான ஆண்டிலேயே ஜேர்மனியின் பவேரியப் பகுதியில் நாசிகளின் எழுச்சியைக் கண்டு ஹெலன் குறிப்புகள் எழுதி வைத்தார். 1937இல் கணவருக்குக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பணி கிடைக்க, நியூயோர்க் சென்றனர். அக்குறிப்புகளைப் படித்த கணவரின் தூண்டுதலால் எழுந்த முதல் நாவல் 1941இல் வெளிவந்தது. அதன் தலைப்பை ஐயத்திற்கு அப்பால் எனத் தமிழாக்கலாம்.

இக்கதையிலே ஒக்ஸ்போட் ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் 1939ஆம் ஆண்டுக் கோடையில் உல்லாசப் பயணிகள் போல ஐரோப்பாவுக்குச் செல்கின்றனர். ஒற்றர் சங்கிலி ஒன்று அறுந்ததா என்பதை அறிந்துவருதல் அவர்தம் பணி. அச்சங்கிலியில் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டுமே அறிவர். ஆசிரியர் குடும்பத்தை எவரும் ஐயுறார் என்பதாலேயே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கண்டார் ஐயுறாத தோற்றமும், ஒற்றரை ஒற்றர் அறியாமையும் இங்கே கதையின் உயிராகி நிற்கின்றன. வள்ளுவத்தை அறியாத ஸ்கொத்லாந்துப் பெண்மணி வள்ளுவர் வகுத்த நெறியிலே கதை பின்னினார் என்பது இன்பந் தரும் உண்மையாகும்.

1942இல் வந்த இரண்டாம் ஒற்றர் நாவல் இன்னும் நுட்பமானது. தன்னைப் போன்ற உருவமுடைய பிரித்தனிக் குடியானவன் ஒருவனாக நடித்து, ஜேர்மனியர் பிடியிலுள்ள பிரெஞ்சு ஊரிலே ஆங்கில வீரன் ஒருவன் வாழ்கின்றான். தான் யாராக நடிக்கின்றானோ அவன் பகைவருக்கு உடந்தையானவன் என்பதை இடையில் அறிகின்றான். பிறன் உருவை ஏற்றவன் அவன் பழியையும் சுமக்கவேண்டி நேர்கின்றது. மாறுவேடத்தை வெறுங் கண்கட்டு வித்தையாகக் கருதாது அறச்சிக்கலாக மாற்றிய இடம் இது. இவ்விரு நாவல்களும் 1943இல் திரைப்படங்களாயின. 1984இல் இறுதி நாவலை வெளியிட்டு 1985இல் மறைந்த ஹெலன், இருபதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவை இரண்டு கோடிப் படிகளுக்கு மேல் விற்றன.

ஒற்று யாருக்காக?

இருவரையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஒற்றுமைகள் பல புலனாகும். இருவரையும் எழுத்திற் செலுத்தியவர் கணவர். இருவரும் பெருந்தொகையான வாசகரைப் பெற்றனர். எழுத்தை ஒரு விடுதலைப் பணியாகவே இருவரும் கருதினர். ஹெலனுக்கு நாசிக் கொடுமையிலிருந்து விடுதலை. கோதைநாயகியாருக்கு அந்நிய ஆட்சியிலிருந்தும், அடுக்களைச் சிறையிலிருந்தும் விடுதலை. ஆயின் ஹெலன் ஒற்றர் கதையிலேயே வாழ்நாள் முழுதும் ஊன்றி நின்றார். கோதைநாயகியாரோ துப்பறிதலை ஓரத்துக்குத் தள்ளினார்.

இவ்வேறுபாட்டின் காரணம் ஆற்றற் குறைவு அன்று. வள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில் அரசியலுள் வைத்தமை ஈண்டு விளக்கந் தருகின்றது. ஒற்று அரசுக்குரியது, ஒற்றன் எப்பொழுதும் யாரோ ஒருவருக்காகவே பார்க்கின்றான். ஹெலனின் கதைமாந்தர் தம் நாட்டுக்காகப் பார்த்தனர். அந்நாட்டின் போரை அவர் உள்ளம் ஒப்பிற்று. கோதைநாயகியார் எழுதிய காலத்துத் தமிழ்நாட்டில் ஒற்றர் யாருக்காகப் பார்த்தனர்? ஆங்கில அரசுக்காகவே. 1908 முதற் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரைச் சூழ்ந்து திரிந்தவர் அவ்வரசின் ஒற்றர். காங்கிரசுக் கூட்டங்களின் ஓரத்தில் நின்று குறிப்பெடுத்தவர் சி.ஐ.டி.க்கள். கதருடுத்துச் சிறை புகுந்த பெண்மணி அவ்வொற்றனை எவ்வாறு கதைத்தலைவன் ஆக்குவார்? அவனால் நோக்கப்பட்டவர் அன்றோ அவர்?

ஆகவே தமக்கென ஓர் அரசில்லாத மக்களிடையே ஒற்றர் நாவல் செழித்தல் அரிது என்பது என் துணிபு. அந்நிலையில் துப்பறிவாளன் அரசைச் சாராத தனியாளாகவோ சாமியாராகவோ இருத்தல் வேண்டும். அவன் தேடும் குற்றமும் வீட்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். கோதைநாயகியார் தம் கூர்நோக்கை வீட்டின்மேற் செலுத்தியதன் பொருள் இதுவே. சொத்துக்காகச் செய்யப்படும் வஞ்சம், விதவைக்கு இழைக்கப்படும் கொடுமை, மணமேடையில் மறைக்கப்படும் உண்மை ஆகிய குற்றங்களை எந்த அரசும் துப்பறியவில்லை. கதவிடுக்கிலே கேட்டும் பலகணி வழியே கண்டும் அவற்றை அறிந்தவர் பெண்களே. வீட்டிலே யாவரும் காண நடமாடியும் எவராலும் பொருட்படுத்தப்படாத பெண்ணைவிட, கண்டார் ஐயுறாத தோற்றம் வேறு யாருக்கு உண்டு? ஒற்றர் கதையைக் கைவிட்டார் என்று நாம் எண்ணிய அம்மையார் அதன் கண்ணை மட்டும் குடும்பக் கதையுள் கொண்டு சென்றார் என்பதே பொருந்தும்.

குறையும் நிறையும்

இங்ஙனம் கூறுவதால் அவர் படைப்புகளிற் குறையில்லை என்பது கருத்தன்று. வாயாற் சொல்லிப் பழகியவர் ஆதலின் உரையாடலில் உயிரும் விரைவும் உண்டு. அவ்விரைவே செப்பத்துக்கு இடையூறும் ஆயிற்று. திங்கள்தோறும் இதழை நிரப்பவேண்டியவருக்குத் திருத்தி எழுதும் ஓய்வு ஏது? முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடத்தில் அறிவுரை வந்து நிற்பதும், தற்செயல் நிகழ்ச்சி கதையைத் தூக்கிச் செல்வதும் அக்காலத் தொடர்கதைகளின் பொதுக் குறைகள். அம்மையாரும் அவற்றுக்கு விலக்கானவர் அல்லர். ஆனால் ஹெலனும் இதில் முற்றும் நீங்கியவர் அல்லர். உலகப்போருக்குப் பின் பொதுவுடைமை நாடுகளைப் பகையாக வைத்து அவர் எழுதிய கதைகளில் தீயோர் ஒரே கரிய வண்ணத்தர். நம்பிக்கை மிகுந்து ஐயம் குறைந்தவிடத்து மர்மச்சுவையும் குறைந்துவிடுகின்றது. இருவரிடத்தும் பிரசாரமே கலையை நெருக்கிற்று.

ஒருவரை முதற்பெண் என்று ஒரு வரியிற் போற்றிவிட்டு, அவர் நூல்களைப் படியாது விடுதல் மதிப்பீடு ஆகாது. கோதைநாயகியாருக்கு நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இதனையே செய்துள்ளன. ஒற்றனுக்கு வெளிப்படச் சிறப்புச் செய்யலாகாது என்ற விதியைத் துப்பறியும் கதை எழுதிய பெண்ணுக்கும் நாம் பொருத்திவிட்டோம் போலும்!

மேல்நாட்டில் இத்துறை இடையறாது வளர்ந்தது. 1967இற் புதுடில்லியில் எழுத்தர் பணியில் தொடங்கி, 1992 முதல் 1996 வரை பிரித்தானியாவின் எம்.ஐ.5 என்னும் ஒற்றுத்துறைக்கே தலைவராக விளங்கியவர் ஸ்டெல்லா ரிமிங்டன். அப்பதவி வகித்த முதற் பெண்மணி அவர். ஓய்வுக்குப் பின் 2004இல் முதல் ஒற்றர் நாவலை வெளியிட்டு, 2025இல் மறையும்வரை எழுத்தாளராகவே அறியப்பட்டார். அவர் ஒற்றை ஆண்டவரின் பக்கத்திலிருந்து எழுதினார். நோக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து எழுதப்படும் ஒற்றர் நாவல் இன்னும் அருமையாகவே உள்ளது.

அதனை எழுதும் தகுதி யாருக்கு உண்டு? 1983 முதல் 2009 வரை இந்நாட்டிற் போர் நடந்தது. 1990 முதற் பல ஆண்டுகள் இத்தலத்துக்கே அடியார் வந்து வழிபட இயலாதிருந்தது. புதுக்கிய திருக்கோயிலின் குடமுழுக்கு 2022இல் நிகழ்ந்தது. அவ்விடைக்காலத்தில் ஒற்று என்ற சொல்லைக் கேட்ட அளவிலே குரல் தாழ்த்திய தாயரும் மகளிரும் இக்கரையில் எத்துணையோ பேர். யார் எவருக்காகப் பார்க்கின்றார் என்று அறியாது வாழ்தல் எத்தகையது என்பது அவர்களுக்குத் தெரியும். கோதைநாயகியார் வீட்டுக்குள் செலுத்திய கண்ணையும், ஹெலன் மாறுவேடத்திற் கண்ட அறச்சிக்கலையும் ஒருங்கே பெற்ற ஒரு பெண் அவர்களிடையே தோன்றுவாளாயின், தமிழில் ஒற்றர் நாவல் தன் உண்மையான உருவத்தைப் பெறும்.

அம்மாணவர் இப்பொழுது ஆசிரியராக இருக்கின்றார். அவருடைய வகுப்பில் ஒரு மாணவி மேசைக்கடியில் மர்மக்கதை படித்திருப்பதை அவர் காணக்கூடும். அன்று அந்நூலைப் பறிக்கவேண்டா. அதனைப் படித்து முடித்தபின் அவளும் ஒன்று எழுதிப் பார்க்கட்டும் என்று கூறினாற் போதும்.